மரியாதைக்குக் குடித்த தண்ணீர்

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் நான் கடலைப் பார்த்தேன். அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்த கடல் எங்கள் பட்டறையின் டெஸ்டிங் தொட்டிதான். கோயமுத்தூர் சிங்காநல்லூரில் குளத்துக்குப் போகிற வழியில், வீட்டை ஒட்டி ஷெட் போட்டுப் பம்ப் செய்துகொண்டிருந்தோம். செய்து முடித்த பம்ப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, குழாயைத் தண்ணீருக்குள் விட்டு, ஓட வைத்துப் பார்ப்பார் என் வீட்டுக்காரர். தண்ணீர் பாய்ந்து வந்து மறுபடியும் அதே தொட்டிக்குள் விழும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து மோட்டாருக்குக் காயில் சுற்றுவேன். செம்புக் கம்பி விரலில் ஓடிக்கொண்டிருக்கும், தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும், கண் சொருகும். அந்தத் தூக்கத்துக்குள்தான் நான் கடற்கரைக்குப் போய் வருவேன்.

என் கடல் பெரிய கடல் ஒன்றும் இல்லை. எங்கள் குளம் மாதிரியே இருக்கும், எதிர்க்கரை மட்டும் இருக்காது. அதில் முழங்கால் வரை இறங்கி நடந்துகொண்டே இருப்பேன். தாகம் எடுத்தால் குனிந்து அள்ளிக் குடிப்பேன், தண்ணீர் இனிக்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் சிறுவாணிதானே, கனவில் வந்த கடலும் சிறுவாணியாகவே வந்தது. எழுந்து பார்த்தால் கம்பி சிக்குப் பிடித்துக் கிடக்கும். "கடலுக்குப் போய்ட்டயா அம்மணி" என்று சிரிப்பார் அவர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரியாதை என்றால் அப்படியொரு மரியாதை. தெருவில் போகிற ஆட்டுக்குட்டிக்குக்கூட 'நகருங்க' என்று சொல்கிற மனுஷன். யார் வீட்டுக்குப் போனாலும் சொம்பில் தண்ணீர் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்து, "தண்ணி நல்லா இருக்குதுங்க" என்று சொல்லித்தான் சொம்பைத் திருப்பித் தருவார். விருந்தில் சாம்பாருக்கு உப்பே போட மறந்திருந்தாலும் "ஒண்ணும் கொறையில்லீங்க" என்பார். எங்கள் பக்கம் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான், இவர் கொஞ்சம் கூடுதல். எனக்கோ வாய் நீளம். பீளமேட்டில் மில் வேலைக்காரர் வீட்டில் பிறந்தவள், மனசில் பட்டதைச் சொல்லாவிட்டால் சோறு இறங்காது. இப்படி ஒரு மனுஷனிடம் எவன் வேண்டுமானாலும் தலையில் மிளகாய் அரைக்கலாம் என்று தினமும் ஒருமுறையாவது கத்துவேன். அவர் அதற்கும் "சரிங்க" என்பார்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் இறால் பைத்தியம் பிடித்தது. நிலக்கடலையையும் கொப்பரையையும் தவிர வேறு பேச்சே தெரியாதவர்கள் கல்யாண வீட்டில் உட்கார்ந்து இறால் என்ன தின்னும், எத்தனை மாசத்தில் வளரும் என்று பேசினார்கள். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருந்த எங்கள் சொந்தக்காரர் ஒருவர், கூட்டாளிகளோடு கிழக்குக் கடற்கரையில் இறால் பண்ணை போட்டார். கடல் தண்ணீரை ஏற்றிப் பெரிய பெரிய குட்டைகளில் நிறுத்த வேண்டும், அதற்கு மோட்டார் பம்ப் எங்களிடம் கேட்டார். உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்றுவிடும் என்று என் வீட்டுக்காரர் உள்ளே சுற்றுகிற சக்கரத்தை மட்டும் வெண்கலத்தில் வார்த்துப் போட்டார். அந்தக் காயிலெல்லாம் நான் சுற்றியது. ஒவ்வொரு பம்ப்பிலும் பித்தளைத் தகடு அடித்தோம், அதில் எங்கள் விலாசம், அதற்குக் கீழே 'குறை இருந்தால் தெரிவிக்கவும்'.

அவரே போய் மாட்டிவிட்டு வந்தார். கடல் எப்படி இருந்தது என்று ஓடிப்போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "பெருசா இருக்குது அம்மணி" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு நகர்த்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு பொங்கல் போயிருக்கும். ஒரு நாள் காலையில் ஷெட் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், வெயிலில் கறுத்த முகம், இடுப்பில் ஒரு எண்ணெய் கேன். கையில் ஒரு துண்டுக் காகிதத்தில் எங்கள் விலாசம். பஸ் மாறி மாறி வந்து, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் கேட்டுக் கேட்டு நடந்து வந்திருக்கிறார். இறால் பண்ணைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற குப்பத்தில் மீன் விற்கிறவர். நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது பிறகுதான். முதலில் சண்டைதான் போட்டேன்.

அவர் சொன்னது இதுதான். அவர்கள் குப்பத்தில் மணல்மேட்டில் ஒரு கிணறு. பக்கத்திலேயே கடல் இருந்தும் எத்தனையோ காலமாக நல்ல தண்ணீர் கொடுத்த கிணறு. பண்ணை வந்து, ராப்பகலாகக் கடல் தண்ணீரை ஏற்றிக் குட்டையில் நிறுத்திய பிறகு அது உப்பாகிவிட்டது. குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் காலையில் போனால் மத்தியானம் திரும்புகிறார்கள். உங்கள் மோட்டார்தான் ஏற்றுகிறது, அதனால் வந்தேன் என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது. மோட்டார் தள்ளச் சொன்னதைத் தள்ளுகிறது, அதற்கு மோட்டார் செய்தவனை வந்து கேட்பார்களா, போய் கவர்மெண்டைக் கேளுங்கள் என்று பொரிந்து தள்ளினேன்.

"கேக்காமலா தங்கச்சி வந்தேன்?" என்றார் அவர். குரல் ஏறவே இல்லை. "மீன் ஆபீஸ்ல போனா, கெணறு எங்களது இல்லங்கறாங்க. தாலுகா ஆபீஸ்ல, கடலு எங்களது இல்லங்கறாங்க. கலெக்டர் ஆபீஸ்ல, கரை முழுசுக்கும் திட்டம் போடுறோம், எல்லாரையும் கூப்பிட்டுக் கேப்போம், அப்ப வந்து சொல்லுங்கறாங்க. எந்த ஆபீஸ் போர்டுலயும் குறை இருந்தா சொல்லுன்னு எழுதல. உங்க மோட்டார்லதான் எழுதியிருந்திச்சு."

அதற்குள் என் வீட்டுக்காரர் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து, வாங்க என்று சொல்லி, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அந்தப் பெண் நின்றபடியே குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டார். அதையும் குடித்துவிட்டு, காலிச் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தார். எங்கள் கிணற்றுத் தண்ணீரும் இப்படித்தான் இருந்தது என்றார். கண் நிறைந்துவிட்டது. நான் உள்ளே போய் இட்லி வைத்து எடுத்து வந்தேன்.

கேனில் இருந்தது அந்தக் கிணற்றுத் தண்ணீர். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கிப் பார்த்தார் இவர். குறை என்று யார் வந்தாலும் நேரில் போய்ப் பார்க்காமல் இவர் விட்டதில்லை, கோபிசெட்டிபாளையமானாலும் பழனியானாலும் பஸ் ஏறிவிடுவார். அந்த வாரம்தான் கலெக்டர் ஆபீஸ்காரர்கள் கடற்கரைத் திட்டத்துக்குக் கூட்டம் போட்டிருந்தார்கள். அந்த அக்கா கேட்டது ஒரே ஒரு உதவி. கூட்டத்தில் எழுந்து, குட்டையில் நிற்கிற தண்ணீர்தான் கிணற்றில் இறங்குகிறது என்று இவர் சொல்ல வேண்டும். மீன்காரி சொன்னால் எழுத மாட்டார்கள், மோட்டார் செய்தவர் சொன்னால் எழுதுவார்கள். பண்ணைக்கு இனிமேல் தண்ணீர் ஏற்றக் கூடாது என்று உத்தரவு வாங்கினால்தான் கிணறு பிழைக்கும். இவர் "ஆகட்டுங்க, வாரேன்" என்றார். காங்கேயத்துச் சொந்தக்காரர் என்ன நினைப்பார் என்று நான் ஜாடை காட்டினேன். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அப்படியானால் நானும் வருவேன் என்று சொல்லிவிட்டேன். நியாயம் கேட்க இல்லை, சத்தியமாகக் கடல் பார்க்கத்தான்.

விடியற்காலைப் பஸ். ஜன்னல் ஓரம் எனக்கு. காங்கேயம் தாண்டும்போது காய்ந்த மேய்ச்சல் காட்டில் மாடுகள் பனிக்குள் நின்றன, கொம்பு மட்டும் தெரிந்தது. தூங்கினேன், விழித்தேன், கரூர் போயிருந்தது. மறுபடி தூங்கினேன், ஆற்றுப் பாலத்தில் பஸ் போய்க்கொண்டிருந்தது. அடுத்த விழிப்பில் இரண்டு பக்கமும் வயல், அப்படி ஒரு பச்சை. எங்கள் ஊரில் மேற்கே பார்த்தால் மலை நின்று வழி மறிக்கும். இங்கே எந்தப் பக்கமும் எதுவும் மறிக்கவில்லை, பூமி தட்டையாகிக் கொண்டே போனது, வானம் இறங்கி இறங்கி வந்தது. மத்தியானத்துக்கு மேல் காற்றில் ஈரமும் ஒரு வாசனையும். "வந்தாச்சு தங்கச்சி" என்றார் அக்கா, தூக்கத்திலிருந்து எழுப்புகிற குரலில்.

பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்ததுமே எனக்குக் கேட்டுவிட்டது. எங்கள் மோட்டார். வரிசையாக எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. கூட்டத்தில் நம் வீட்டுக் குழந்தை அழுதால் தெரியாதா, அந்த மாதிரி. ஒரு சின்னக் கரகரப்புகூட இல்லாமல் ஓடின. இவர் நின்று கேட்டார். பெருமைப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

பயணத்தில் என் வீட்டுக்காரருக்கு உடம்பு அலுத்துப் போயிருந்தது. அவரைத் தன் வீட்டில் நாத்தனார் பொறுப்பில் விட்டுவிட்டு, "நீ வா, உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்று அக்கா என்னை மட்டும் கடலுக்குக் கூட்டிப் போனார்.

மணல்மேடு ஏறினோம். அந்தப் பக்கம் எதுவுமே இல்லை. எதுவுமே இல்லை என்பதுதான் கடல் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. செருப்பை எங்கே விட்டேன் என்று தெரியாது. அலை வந்து காலைச் சுற்றிக்கொண்டு திரும்பும்போது நிற்கிற மண்ணையே உருவிக்கொண்டு போனது, நான்தான் கடலுக்குள் நகர்கிறேன் என்று நினைத்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது. தொட்டிச் சத்தத்தில் நான் தூங்கிய மத்தியானங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து காலில் உடைந்தன. குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். தூ என்று துப்பினேன். இத்தனை வருஷம் இதையா சிறுவாணி என்று குடித்தேன்!

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மணலில் உட்கார்ந்து எனக்குக் கடலைக் காட்டினார். புது வீட்டுக்கு வந்தவளுக்கு இது அடுக்களை, இது பூஜை அறை என்று காட்டுவார்கள் இல்லையா, அப்படி. அங்கே தண்ணீர் நிறம் மாறுகிற இடத்தில் மீன் குஞ்சு பொரிக்கும், அங்கே வலை போடக் கூடாது. இந்த மணலில் ஆமை வந்து முட்டையிடும், அந்த மாசத்தில் இங்கே படகை இழுக்க மாட்டார்கள். வலை காயப் போடுவது அந்த மேட்டில். இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை, குப்பத்தில் கூடிப் பேசி வைத்துக்கொண்டது. மீறினால் குப்பமே சேர்ந்து கேட்கும். இப்போது விசைப்படகு கரை வரை வந்து அரித்துப் போகிறது, பண்ணை அழுக்குத் தண்ணீரை ஓடையில் விடுகிறது, ஓடையில் இருந்த பொடி மீனெல்லாம் போச்சு. யாரைக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை என்றார். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகி, கோடு அழிந்துவிட்டது. எழுந்து வர எனக்கு மனசே இல்லை.

நாங்கள் திரும்பும்போது அக்கா வீட்டு முன்னால் இருந்து ஒரு ஜீப் கிளம்பிப் போனது. கூட்டத்துக்கு முன்னால் கிணற்றைப் பார்க்க ஆபீசர் ஒருவர் வந்ததாகவும், அந்த நேரத்தில் நாத்தனார் தனக்குத் தண்ணீர் கொடுத்ததாகவும், நாலு வார்த்தை பேசிப் போய்விட்டதாகவும் இவர் சொன்னார். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராத்திரி சாப்பிடும்போது நாத்தனார் கூச்சத்தோடு ஒன்று சொன்னாள். நல்ல தண்ணீர் தீர்ந்து போயிருந்தது, தண்ணீருக்குப் போனவர்கள் திரும்பவில்லை, வீட்டுக்கு வந்த இவருக்கு வெறும் கையைக் காட்ட முடியாமல் கிணற்றுத் தண்ணீரையே சொம்பில் கொடுத்துவிட்டாளாம். இவர் முகம் சுளிக்காமல் முழுக்கக் குடித்தாராம். அவர் அப்படித்தான் என்று நான் சிரித்தேன். இவர் மட்டும் அடிக்கடி எழுந்து வெளியே போய் வந்துகொண்டிருந்தார், வயிறு சரியில்லை என்று.

மறுநாள் கூட்டம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில். குப்பமே வந்திருந்தது. முன்னால் மேஜை, ஆபீசர்கள், பண்ணைக்காரர்கள் வரிசை. சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்கியது, கரை முழுக்க வண்ணம் தீட்டி அழகாகத்தான் இருந்தது. எல்லோரையும் கலந்து பேசித் தயாரித்த திட்டம் என்று பெரிய ஆபீசர் படித்தார். ஜன்னல் காற்றில் வரைபடம் நேற்றைய அலை போலவே ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் சொருகியது. அக்கா எழுந்த சத்தத்தில்தான் விழித்தேன். வரைபடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று விரலால் தேடிக்கொண்டிருந்தார். பண்ணைக் குட்டைகள் நீலத்தில் இருந்தன. குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவில் எல்லாம் பழுப்பு. பழுப்பு என்றால் தரிசு என்று கீழே போட்டிருந்தது.

"எங்க கெணறு எங்கய்யா?" என்றார்.

பெரிய ஆபீசர் கோபப்படவில்லை. பொறுமையாகவே சொன்னார். மனு வந்தது, நேற்று நானே நேரில் போனேன், தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், அறிக்கை இன்னும் வரவில்லை. ஆனால் அந்தப் பம்ப்பைச் செய்த கோயமுத்தூர்க்காரரே என் கண் முன்னால் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று சொன்னார். அதைக் குறித்து வைத்திருக்கிறேன். இதோ இங்கேயே உட்கார்ந்திருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

மொத்தக் கூட்டமும் திரும்பியது. அக்காவும் திரும்பினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வழி தெரியாத ஊரில் கூட வந்தவர் கையை விட்டுவிட்டால் பார்ப்பார்களே, அப்படி இவரைப் பார்த்தார். எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அடப் பாவி மனுஷா! சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்கிற அந்தப் பாழாய்ப்போன வார்த்தை. அதைச் சொல்லாமல் சொம்பைக் கொடுக்க இவருக்குக் கை வராதே. கூட்டத்தில் சாட்சி சொல்ல வந்தவர் முந்தின நாளே எதிர்சாட்சி சொல்லிவிட்டார், அது அவருக்கே தெரியாது. தொடையில் நறுக்கென்று கிள்ளினேன்.

எழுந்தார். கை கூப்பினார். நேற்றுச் சொன்னீர்களா இல்லையா என்று ஆபீசர் கேட்க, "சொன்னேனுங்க" என்றார். அத்தோடு நின்றுவிட்டார். கூட்டத்தில் சலசலப்பு. பண்ணைக்காரர் ஒருவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். என்னால் அதற்கு மேல் முடியவில்லை, எழுந்து கத்தினேன். எங்கள் ஊரில் விஷத்தைக் கொடுத்தாலும் நல்லா இருக்குதுங்க என்றுதான் சொல்வார்கள், அதையெல்லாம் பேச்சு என்று எழுதுவீர்களா என்றேன். சிலர் சிரித்தார்கள். அவர் பேசட்டும் என்றார் ஆபீசர். இவர் என் பக்கம் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படி அடக்கியதில்லை.

"ஐயா, அந்த ஊட்டுல நல்ல தண்ணி இல்லீங்க. இல்லைன்னு சொல்ல மனசில்லாம அந்தப் புள்ள சொம்பக் குடுத்துப்போட்டு, தலையக் குனிஞ்சுட்டு நின்னுச்சுங்க. அது முன்னால நின்னு உன்ற தண்ணி மோசம்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க. நான் சொன்னது அந்தப் புள்ளைக்குங்க, உங்களுக்கு இல்லீங்க." அக்காவை ஒருமுறை பார்த்தார். "அது குடிக்கற தண்ணியே இல்லீங்க. உப்புங்க. ராத்திரி பூரா நான் படுக்கலீங்க. என்ற மோட்டார் ஏத்தி நிறுத்துன தண்ணிதானுங்க அதுல எறங்குது. இதையும் எழுதிக்குங்க."

ஒரு ஆபீசரை மறுத்துப் பேசுவது அவருக்கு ஆள் மேல் கை வைப்பது மாதிரி. உங்கள் கருத்து உரிய நேரத்தில் பதிவு செய்யப்படும் என்றார் ஆபீசர்.

அக்கா விடவில்லை. "நேத்து சொன்னத நேத்தே எழுதிட்டீங்க. இன்னிக்குச் சொன்னத எப்பய்யா எழுதுவீங்க?" என்றார். பிறகு சுவரைக் காட்டி, இதை வரைந்தபோது குப்பத்தில் யாரைக் கேட்டீர்கள் என்றார். ஆபீசர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவர் அடுத்தவரைப் பார்த்தார். வரைபடம் மேலிடத்திலிருந்து வந்தது, இங்கே யாரும் வரையவில்லை என்றார்கள். அப்படியானால் வரைந்தவர் வருகிற வரை உட்கார்ந்திருக்கிறோம் என்று சொல்லி, அக்கா வரைபடத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். குப்பத்துப் பெண்கள் எல்லாம் உட்கார்ந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன்.

கோஷம் எதுவும் இல்லை. சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. ஒருவரும் எழவில்லை. ஜன்னல் வழியாகக் கடல் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. அக்காவின் தோளில் சாய்ந்து நான் தூங்கியும் போனேன். கனவில் அந்த வரைபடம் நனைந்து, பழுப்பு நிறம் கரைந்து, அடியிலிருந்து படகும் வலையும் வீடும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. விழித்தபோது பெரிய ஆபீசர் மேஜையை விட்டு இறங்கிப் பேனாவோடு வந்து நின்றிருந்தார். அவருக்கும் பசி, முகம் வாடியிருந்தது. சரி, எங்கே என்று காட்டுங்கள் என்றார்.

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போய் விரல் வைத்தார்கள். இங்கே படகு ஏறும், இங்கே வலை காயும், இங்கே ஆமை வரும். விரல் வைத்த இடத்திலெல்லாம் அவர் குறித்தார். கடைசியாக அக்கா கிணற்றைக் காட்டினார். பிறகு ஆபீசர் உட்கார்ந்து எழுதினார், எழுதியதைச் சத்தமாகப் படித்தார், அக்கா இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னார், திருத்தினார். கிணற்றை முறையாகச் சோதித்து முடிக்கிற வரை கடலிலிருந்து தண்ணீர் ஏற்றக் கூடாது என்று கையெழுத்துப் போட்டார். அந்த வெண்கலச் சக்கரங்கள் நிற்கப் போகின்றன, காங்கேயத்தில் இனி எங்களுக்கு வாசற்படி கிடையாது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் சந்தோஷத்தில் யாரோ ஒரு மீன்காரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் குப்பத்துக்குத் திரும்பியபோது மோட்டார்கள் நின்றிருந்தன. கடல் மட்டும் தனியாகக் கேட்டது. யாரும் கூப்பிடாமலே எல்லோரும் கிணற்றுக்குத்தான் போனோம். பெண்கள் குடம் எடுத்து வந்திருந்தார்கள், கோயிலுக்குப் போகிற மாதிரி பேசிச் சிரித்துக்கொண்டு. அக்கா வாளியை இறக்கி இழுத்தார். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. என் வீட்டுக்காரர் முன்னால் வாளியை வைத்தார்.

"மோட்டார் நின்னுடுச்சுண்ணே. இனி எப்ப பழைய தண்ணி வரும்?"

குப்பமே இவர் வாயைப் பார்த்து நின்றது. இவர் ஒரு கை அள்ளி வாயில் விட்டு, மெதுவாக விழுங்கினார். அவர் முகத்திலேயே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடாதே என்று மனசுக்குள் கெஞ்சினேன். சீக்கிரம் வந்துடுமுங்க, ஒண்ணும் கொறையில்லீங்க என்று உன் வழக்கப்படி சொல்லித் தொலை.

"மண்ணுக்குள்ள எறங்குன உப்பு லேசுல போகாதுங்க" என்றார். "நம்ம காலத்துல வராதுங்க."

சிரிப்பெல்லாம் நின்றது. அக்கா வாளியைத் தூக்கி, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டாமல் கிணற்றுக்குள்ளேயே திருப்பி ஊற்றினார். பிறகு மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எங்கள் பட்டறைக்கு வந்த நாளிலிருந்து அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. இவர் அவருக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். நேராகப் பேசத் தெரியாதா என்று வருஷக்கணக்காக அவரைத் திட்டியவள் நான். அந்தச் சாயங்காலம் மட்டும், ஒரே ஒரு பொய் சொல்ல இந்த மனுஷனுக்கு வாய் வரவில்லையே என்று எனக்கு நெஞ்சு வெடித்தது.